புள்ளடி

வலித்த நாளுக்குப் புள்ளடி,
குளிசை போட்ட நாளுக்கு வட்டம்.
ஒரு மாதம் கொப்பியில் குறித்துக்கொண்டு போனேன்.
பெரியாஸ்பத்திரி கிளினிக்கில்
டொக்டர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
வட்டத்துக்குள் புள்ளடி, புள்ளடியைச் சுற்றி வட்டம்,
வெறும் கட்டம் இரண்டே இரண்டு.
"இப்ப இடிக்கிறது உங்கட தலையில்லை,
குளிசைதான் இடிக்குது.
விடுங்கோ. முதல் பத்து நாள் கூடும். பிறகு இறங்கும்."
எவ்வளவு கூடும் என்று நான் கேட்கவில்லை.
வெளியில் அறுபத்தெட்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

என் வேலை வங்கியில், அடகுப் பிரிவில்.
நாள் முழுக்க ரியூப் லைற்றுக்குக் கீழே
அடுத்தவர்களின் மஞ்சளை நிறுக்கிறேன்.
எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்,
காலையில் இரண்டை விழுங்கி ஒரு நாளை வாங்கினால்
பின்னேரம் அது வட்டியோடு வந்து நிற்கும் என்று.
ஆறு வருஷம் வட்டி மட்டும் கட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள்
இடது கண் ஓரத்தில் ஒரு கருக்குமட்டை,
வெள்ளைவெளேரென்று,
பல்லுப்பல்லாய் மினுங்கிச் சுழன்றது.
குருநகர் அக்கா ஒருவர் அட்டியலை நீட்டினார்.
அவர் முகத்தில் பாதி இல்லை.
தராசில் இலக்கம் இல்லை.
தர்மினி வந்து என் கதிரையை மெல்ல இழுத்து
"நான் நிறுக்கிறன், நீ போ" என்றாள்.
குழாயைத் திறந்துவிட்டுச் சத்தி எடுத்தேன்,
வெளியில் கேட்கக் கூடாதென்று.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் ஒரே நாள்.
கோயில் லவுட்ஸ்பீக்கர் விடியப்புறம் நாலரைக்கே தொடங்கிற்று.
பக்கத்து வீட்டில் செத்தல் மிளகாய் வறுத்தார்கள்.
மகள் வாங்கி வந்த ரோஸ் கலர் ஐஸ் பைக்கற்றை
நெற்றிப்பொட்டில் வைத்துப் படுத்தேன்.
அது உருகித் தலையணை சிவந்து,
லைற்றைப் போட்ட மனுசன் "ஐயோ ரத்தம்" என்று கத்தினார்.
சிரித்தேன்.
சிரித்ததற்கும் இடித்தது.

அன்றிரவு கரண்ட் போனது.
ஒழுங்கை முழுக்கச் சலித்துக்கொண்டது.
நான் மட்டும் இருட்டுக்கு நன்றி சொன்னேன்.

ஏழாம் நாள் கேதாரன் கடைக்குப் போனேன்.
என்னைக் கண்டதும் அவன் கை
பிஸ்கற் ரின்னுக்குப் பின்னால் போய்ப்
பனடோல் காட்டை எடுத்துவிட்டது,
நான் வாய் திறக்க முதல்.
வெள்ளி முதுகு. பத்துக் குமிழ்.
"வேண்டாம்" என்றேன்.
"வேற?"
வேறென்ன கேட்பது.
நெருப்புப்பெட்டி ஒன்று வாங்கினேன்.
வீட்டில் காஸ் அடுப்புக்கு லைற்றர் இருக்கிறது.
அடுத்த முறையும் நெருப்புப்பெட்டி.
இப்போது அலுமாரியில் ஒன்பது.

எட்டாம் நாள் தோற்றேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.
கைப்பையின் கிழிந்த உள்துணிக்குள் ஒன்று கிடந்தது,
நூலும் தூசும் ஒட்டி.
ஊதிவிட்டு விழுங்கினேன்.
கொப்பியில் வட்டம் போட்டேன்,
பென்சிலால், மெல்லிசாக.

பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஒரு வெள்ளிக்கிழமை,
சோளகம் தகரத்தைப் போட்டடித்த பின்னேரம்
அது வந்தது.
இருந்தது.
ஏழு மணிக்கு முன்னம்
யாரும் துரத்தாமல் எழும்பிப் போனது,
பிடரியில் கொஞ்சத்தை வைத்துவிட்டுத்தான்.
எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு
ஒரு தலையிடி தன்பாட்டில் முடிவதை
இருந்து பார்த்தேன்.
புள்ளடி போட்டேன்.
சுற்றிலும் வெறும் தாள்.

நெருப்புப்பெட்டியை நீட்டியபடி
கேதாரன் கேட்டான்:
"தலை எப்பிடி அக்கா?"
"இருக்கு" என்றேன்.