இரண்டாம் பந்தி

மொய் மேசையில் ஐநூற்று ஒன்று
என்று சொல்லிவிட்டுத் திரும்பினால்
எழில் நிற்கிறாள்,
உதட்டை இறுக்கிக்கொண்டு.
"கிளிப்பக் காணோம்மா."

கம்பி கழற்றிப் பதினெட்டு நாள்.
பல் பழைய இடத்துக்கு ஓடாமலிருக்கக்
கொடுத்த கிளிப்.
டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தாளாம்.
பாயசம் வந்ததாம்.
பேசிக்கொண்டே இலையை மூடினாளாம்.

இரண்டேகால் வருடம்,
மாதம் ஒரு சனிக்கிழமை,
முதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பாண்டிக்கு.
அங்கே கொஞ்சம் குறையும் என்று யாரோ சொன்னார்கள்.
முறுக்கிவிட்டுத் திரும்பும்போது
கன்னியக்கோயில் வருவதற்குள் வலி ஏறிவிடும்,
என் தோளில் தாடையை ஊன்றிக்கொள்வாள்.

முதல் தவணை என் சீட்டுப் பணம்.
அடுத்தது அவர் நைட் ஷிஃப்ட்டுக்கு மாறியது.
மூன்றாவதை எதை வைத்துக் கட்டினோம்,
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.
கட்டினோம்.
காப்பீட்டில் வராது, அழகுக்குச் செய்வது
என்றார்கள் கவுன்டரில்.
வாய் மூட முடியாமல் தூங்கிய பிள்ளைக்கு
அழகு.

முறுக்கில் ஒரு பிராக்கெட் தெறித்தது, முந்நூறு.
கொய்யாவில் ஒன்று, முந்நூறு.
அவள் பசிக்கு விலை எழுதி ஒட்டியவள் நான்.

மண்டபத்தின் பின்னால் நான்கு நீல டிரம்.
பட்டு வேட்டியை மடித்துக் கட்டி
முழங்கை வரை விட்டுவிட்டார்.
இலை எடுக்கும் அம்மா ஓடிவந்தாள்:
"நகையா சார்?"
"பல்லு" என்றார்.
அவள் சிரிக்கவில்லை.
"எத்தனாவது பந்தி?"
"ரெண்டு."
"அது மூணாவது டிரம். நீங்க தள்ளுங்க."

ஒவ்வோர் இலையாகப் பிரித்தாள்,
கடிதம் பிரிப்பதுபோல.
கடித்த அப்பளம், ஒதுக்கிய கத்தரிக்காய்,
யாரோ தொடாமலே மூடிய ஜாங்கிரி.
முப்பதோ நாற்பதோ இலை கழித்து
சேமியா ஒட்டிய இளஞ்சிவப்பு,
அதன் குறுக்கே ஒரு கம்பி மினுக்கம்.

முந்தானையில் துடைத்து நீட்டினாள்.
"இதுவா? எவ்வளவு இருக்கும்?"
"ஆயிரம்" என்றேன்.
மூவாயிரத்து ஐநூறு.
அவள் முன்னால் குறைத்துச் சொல்ல
நாக்குக்கு யார் சொல்லிக் கொடுத்தது?
பெயர் கேட்டேன். அஞ்சலாட்சி.
"ஆயிரமா!" என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு
டிரம்மை மூடினாள்.

குழாயடியில் மூன்று முறை கழுவியும்
எழில் வாயில் வைக்க மாட்டேன் என்கிறாள்.
வெந்நீர் கேட்டு அவர் சமையல்கட்டுக்குப் போக,
அதே கிளாசில் சூடு பட்டால் வளைந்துவிடும் என்று
நான் பின்னால் ஓட,
அதற்குள் மேடையில் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை பக்கம் நாங்கள் நால்வர்.
அவர் கையில் இன்னும் சாம்பார் வாசம்.
எழில் வாயை மூடியபடி.
"சிரிங்க, சிரிங்க" என்கிறான் கேமராக்காரன்.

துருவன் சிரிக்கிறான், எல்லாம் தெரிய.
ஒன்பது வயது.
மேல் வரிசை அக்காளைப் போலவே
முன்னால் எட்டிப் பார்க்கிறது.

படத்தில் நான் மட்டும்
அவனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.