ஆழ்துளை

எஸ்.பி. ரோட்டில், பழைய ஃபேன் மோட்டார்களுக்கு நடுவே
முந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தது அந்த இசைத்தட்டு.
உறையில் நான்கு பேர்,
தலைமுடியால் முகம் மூடி,
மழை நின்ற ஆலைக் கூரைமேல்
எதற்கோ காத்திருப்பவர்கள்.
மற்றதெல்லாம் ஜப்பானிய எழுத்து.
ஒன்றும் புரியாதது வசதியாக இருந்தது.

வேலை போன வருஷம் அது.
லிங்கராஜபுரம், மூன்றாம் குறுக்குத் தெரு, தரைத்தளம்.
வாடகையை முன்பணத்திலிருந்தே
கழித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.
பத்து மாதம்
ஒவ்வொன்றாய்க் கரைய
தட்டு சுழலும்.

முதலில் வெறும் உறுமல்,
மண்ணில் புதைந்த ஆம்ப்ளிஃபயர் மாதிரி.
அதற்கும் அடியில் பேஸ் கிடார்:
கலவை இயந்திரத்துக்குள் விழுந்த எருமை
எழுந்து நிற்கப் பார்க்கிறது.
டிரம்காரன் ஒவ்வோர் அடிக்கு முன்னும்
யோசித்தான்.
ஓங்கிய குச்சி இறங்குவதற்குள்
ஒரு வேலை விண்ணப்பத்தை எழுதிக் கிழித்துவிடலாம்.
பாடகனின் குரல் கிணற்றடியிலிருந்து வந்தது.
யாரையோ புதைத்துவிட்டு வருகிறான்
என்று முடிவு செய்திருந்தேன்.
அவனோடு நானும் தினம் ஒருமுறை
போய்ப் புதைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல். காவிரி வாரத்துக்கு ஒருநாள்.
இரவு பதினொன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது.
மாடிவீட்டு ஜெசிந்தா,
நைட்டிமேல் துண்டு, கையில் டார்ச்:
"ராத்திரியில போர் போடக் கூடாதுன்னு தெரியாதா?"
பிறகு, கொஞ்சம் குரல் இறங்கி,
"தண்ணி வந்துச்சா?"

சுழல்வதைக் காட்டினேன்.

பிடதியில் கார் பாகம் செய்யும்
ஜப்பான் கம்பெனியில் அவள் மொழிபெயர்ப்பாளர்.
மேலாளரின் கோபத்தை
மரியாதையான கன்னடத்தில் இறக்கி வைக்கும் வேலை.
உறையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
"ஈரச் சாம்பல்," என்றாள். குழுவின் பெயராம்.
மூலையில் எறும்பளவு எழுத்துகள்.
அதைப் படித்துவிட்டுத்தான் சிரித்தாள்,
துண்டு நழுவும்வரை.
"நாப்பத்தஞ்சுல ஓட்டணுங்க இது.
நீங்க முப்பத்துமூணுல ஓட்டறீங்க."

ஒரு பொத்தான். அவளே அழுத்தினாள்.

நால்வரும் எழுந்து ஓட ஆரம்பித்தார்கள்.
பத்தொன்பது நிமிடம் பதினான்கானது.
எருமையைக் காணோம்.
டிரம்காரன் யோசிக்கிறவனே இல்லை.
கிணற்றிலிருந்து ஏறி வந்தவன்
இருபது வயதுப் பையன்,
மூக்கால் பாடினான், சளி பிடித்திருக்கலாம்.

"என்ன சொல்றான்?"
"கடைசி ரயிலை விட்டுட்டானாம்.
நடந்து போறான்.
வழியில மெஷின்ல காசு போட்டு
சூடா சோள சூப் வாங்கறான்."
"அவ்வளவுதானா?"
"சூப்பைப் பத்தி இன்னும் ரெண்டு வரி இருக்கு."

அவள் போன பிறகு
பொத்தான்மேல் விரலை வைத்து நின்றிருந்தேன்.
ஒரு வருஷம் நான் கேட்டதை
அந்த நால்வரும் வாசிக்கவே இல்லை.
வாசித்தது ஒரு ரப்பர் பெல்ட்டும்
நானும்.

மறுபடி முப்பத்துமூன்றுக்குத் தள்ளினேன்.
வழக்கம்போலப் புதைக்கக் கிளம்பினேன்.
கூடவே, சூப் டப்பாவைக்
கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி
ஒரு பையன் வந்தான்.

மே மாதம் பக்கத்து மனையில்
திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றது.
ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான்.
என் ஜன்னல் கம்பியில்,
மாடிக் கொடியில் அவள் உலர்த்திய சீருடையில்,
ஈரமில்லாத சாம்பல்.

இரவு பதினொன்றரைக்குப்
படியேறிப் போய்த் தட்டினேன்.
"இது நான் இல்லை."

கதவைத் திறந்தவள்
தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.
"தெரியும்," என்றாள்,
"இது சரியான வேகத்துல ஓடுது."