ஒரு டெராபைட்

"இதுக்கு நாலாயிரமா?" என்றாள் ஜெசிந்தா.

கோத்தகிரிக் குளிரில்
திருகாணி விரலுக்குத் தட்டுப்படவில்லை.
கண்ணாடிக் கடையில் இரவல் வாங்கிய
ஸ்க்ரூடிரைவருக்கு மூன்று கழன்றன.
நான்காவது வழுக்கியது;
ரப்பர் பேண்டை இடையில் வைத்து அழுத்த
மனமிரங்கியது.

பழைய டிஸ்க்
பேக்கரி பன் போலச் சூடாக இருந்தது.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

நகலெடுக்கும்போதுதான் பார்த்தேன்,
என் பெயருக்குக் கீழே 'ஜெசி'.
கார் பந்தயம். முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்.
என்னுடையது நாற்பது.
நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறாள் என
நான் நம்பிய பகல்கள்.

புதியதில் அவளுடையதை முதலில் ஏற்றினேன்,
மழைக்கு எங்காவது மரம் விழுந்து
கரண்ட் போவதற்குள்.

சாயங்காலம் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"எல்லாம் வந்துருச்சா?"
"எல்லாமே."

மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.