விருப்பப் பட்டியல்

கட்டாயமானவற்றுக்குக் கேள்வியே கிடையாது.
வைரஸ் தடுப்பு, மின்னஞ்சல், வருகைப் பதிவு.
பொத்தானை அமுக்கினால்
பாயான் லெப்பாஸ் ஆலை முழுக்க
அறுநூற்றுப் பன்னிரண்டு கணினிகளில்
விடிவதற்குள் இறங்கிவிடும்.

என் பாடெல்லாம் மிச்சத்தோடுதான்.
வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று
இலை ஓரத்து ஊறுகாய் மாதிரி
பதினேழு மென்பொருள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரிப்ட்.
முன்பே இருக்கிறதா பார்.
இருந்தால் பேசாமல் திரும்பு.
இல்லையென்றால் சத்தமில்லாமல் நிறுவு.
யாரையும் அடுத்து, அடுத்து என்று அமுக்கவைக்காதே.
ஒருவரும் படிக்காத நாற்பது பக்கத்துக்கு
அவர்கள் சார்பில் ஏற்கிறேன் என்று
நானே ஏற்றுக்கொள்கிறேன்.

போன ஸ்கிரிப்ட் எண்ணாகத் திரும்பி வரும்.
பூஜ்யம் என்றால் நலம்.
மூவாயிரத்துப் பத்து: முடிந்தது,
ஆனால் ஒருமுறை அணைந்து எழ வேண்டும்.
ஆயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு:
உள்ளே வேறொன்று ஓடுகிறது, பிறகு வா.
இதை என் நெற்றியில் ஒட்டலாம் என்பார்
வீட்டுக்காரர்.

பட்டியலின் கடைசியில்
எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி.
யாரும் கேட்கவில்லை.
உரிமம் சும்மா கிடந்தது, சேர்த்துவைத்தேன்.
ஏழு மாதம் பூஜ்யம்.
இது நலத்தின் பூஜ்யம் அல்ல,
ஆளில்லாத பூஜ்யம்.

செவ்வாய்க்கிழமை லாகில் ஒரு வரி.
அதிகாலை 2:47. தரக்கட்டுப்பாடு, ஒன்பதாம் மேசை.
நிறுவப்பட்டது.
6:40. நீக்கப்பட்டது.
புதன், 2:41. நிறுவப்பட்டது.
ஷிஃப்ட் மாறுவதற்குள் நீக்கப்பட்டது.
வியாழனும்.

தரக்கட்டுப்பாடு என்றால்
அரைக் குருணை அளவு சில்லில்
மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கும் வேலை.
வருஷத்துக்கு ஒரு கண் சோதனை.
தேறாதவரை பேக்கிங்குக்கு அனுப்புவார்கள்,
அலவன்ஸ் இல்லாமல்.

சத்தமில்லாமல் நிறுவும் என்றேனே,
சத்தமில்லாமல் எழுதியும் வைக்கும்:
கணினி, நேரம், பயனர் எண்.
நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்,
போன வருஷம், ஆடிட்டுக்காக,
கொஞ்சம் பெருமையோடு.

எண்ணுக்கு எதிரே பெயர் இருக்கும் கோப்பு
பக்கத்து ஃபோல்டரில்.
இரண்டு கிளிக்.
கோப்பி ஓ அதன் பிளாஸ்டிக் பையில்
ஜன்னல் கைப்பிடியில் தொங்கி ஆறியது.
அதற்கும் அப்பால்
முதல் விமானம் சக்கரம் விரித்துத் தாழ்ந்தது.

திறக்கவில்லை.

நிறுவ நாலு நிமிடம் பிடிக்கிறது.
ஒவ்வோர் இரவும் நாலு நிமிடம்
யாராவது பின்னால் வருகிறார்களா என்று
திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கும் ஓர் ஆள்.
நீக்கும் ஸ்கிரிப்டில் ஒரு வரியை அழித்தேன்.
கருவி போனாலும் அதன் மூட்டை
கணினியிலேயே கிடக்கட்டும்.
அடுத்த முறை இருபது வினாடி.
ஒன்பதாம் மேசைக்கு மட்டும் செய்தால் தெரிந்துவிடும்,
அறுநூற்றுப் பன்னிரண்டுக்கும் செய்தேன்.
லாகிலிருந்து பயனர் எண்ணையும் எடுத்தேன்.
விருப்பப் பட்டியலுக்கு எண்ணிக்கை போதும்
என்று ஆடிட்டுக்கு ஒரு குறிப்பு.

மாதக் கடைசியில் அறிக்கையைப் புரட்டிய ஹுய் சான்
பதினேழாம் வரியில் பேனாவை வைத்தாள்.
இது யாரு, ஒரே ஆளா?

தெரியாது என்றேன்.
உண்மைதான்.
இரண்டு கிளிக் தள்ளி நிற்கிற உண்மை.