பதினெட்டாம் திகதிக்கு முன்

வலது கண்ணின் கட்டை அவிழ்த்த தாதி
"என்ன தெரியுது அக்கா?" என்றாள்.
"உங்கட சட்டை."
"என்ன நிறம்?"
வெள்ளை என்று சொல்லியிருக்கலாம்.
சொட்டு நீலம் கூடிப்போன வெள்ளை,
ஊதாவுக்குப் போகலாமா என்று யோசிக்கிற வெள்ளை என்றேன்.
'பார்வை நன்று' என்று எழுதிக்கொண்டாள்.

வெளியே, கோட்டை வாசலுக்கு எதிர்ப்புறம்
புள்ளிமான் ஒன்று வாழைத்தோல் தின்றுகொண்டிருந்தது.
வலதை மூடினால்
தேநீர்க் கறைமேல் தேநீர்ப் புள்ளிகள்.
இடதை மூடினால்
செங்கல்லில் தெறித்த சுண்ணாம்பு.
ஒரே மானுக்கு இரண்டு தோல்.
மாறி மாறி மூடிக்கொண்டு நின்ற என்னை
ஓர் ஆட்டோக்காரர் தப்பாக விளங்கி
வேகத்தைக் கூட்டினார்.

முப்பத்தொரு வருடம்
நில அளவைக் கந்தோரில் வரைபடங்களுக்கு நிறம் தீட்டினேன்.
கடலுக்கு ஒரு நீலம், காட்டுக்கு ஒரு பச்சை.
மாதிரி அட்டையில் எண் இருக்கும்;
எண்ணை மீறினால் மேலதிகாரியின் சிவப்பு மை.
உட்துறைமுகமும் கொட்டியாரக் குடாவும்
என் கையில் ஒரே நீலம்.
சீனன்குடாக் காட்டுக்குள் துருவேறி நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள்
கறுப்பு வட்டங்கள், அவ்வளவுதான்.
ஒரு காலம், சில பச்சைகளைத் தீட்டாமல் விடச் சொன்னார்கள்.
ஏன் என்று கேட்கிற காலம் இல்லை அது.
விட்டேன்.
வெறுந்தாளும் ஒரு நிறம் என்று
அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது கோடே போடுவதில்லை.
கரை இல்லை, படகு இல்லை, அடிவானம்கூட இல்லை.
டச்பே ஜன்னலடியில் துணியை நிறுத்தி
புரை படர்ந்த இடது கண்ணின் கடலைத்
தீட்டிவிடலாம் என்று தொடங்கினேன்,
அதை எடுத்துவிடப் போகிறார்களே என்று.
வலதைப் பொத்திக்கொண்டு
கடலைப் பார்த்து, துணியைப் பார்த்து,
கலந்து, பூசி, சரி என்று பட்டதும்
கையை எடுத்தேன்.

துணியில் கிடந்தது வெறும் நீலம்.
எல்லாருடைய கடல்.

அன்று முழுக்கச் சமைக்கவில்லை.
இரவுதான் பிடிபட்டது:
கடலை மஞ்சளாக்கிய கண்
சாயத்தையும் மஞ்சளாக்கியிருக்கிறது.
கறையைக் கறை கழுவிவிட்டது.

ஆகவே, கடலை இடதால்,
துணியை வலதால்.
உள்ளங்கை ஒரு கண்ணிலிருந்து மற்றதற்குத்
தாவிக்கொண்டே இருக்கிறது.
கண்டுவந்த நிறம் ஒரு மூச்சுக்குத்தான் நிற்கும்.
அதற்குள் கலக்க வேண்டும்:
காவி, எலுமிச்சைத் தோல், களிம்பேறிய செம்பு,
பனங்காய்க் களியில் கடைசியாய் விரலில் ஒட்டுவது,
அதன் அடியில் எங்கோ
மூச்சு முட்டுகிற ஒரு பச்சை.
ஏழு துணி பழுதாய்ப் போனது.
மூக்கு நுனியெல்லாம் காவி.

எட்டாவதைக் காய வைத்திருந்தபோது
மீன் கொண்டுவந்தாள் பவுலீன்.
என்ன படம் என்று கேட்கவில்லை.
சீலாவைத் தராசில் விட்டுவிட்டு
துணியின் பின்புறத்தைத் திருப்பி வாசித்தாள்.
"மாசி எண்டு போட்டிருக்கிறீங்கள்.
மாசியில கடல் இப்பிடிக் கிடக்காது.
இது கச்சான் அடிக்கேக்க, ஆனி ஆடியில,
மத்தியானம் கழிஞ்சு வாற தண்ணி.
பிழையா எழுதிப்போட்டீங்கள்."

கண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முள்ளுச் செதிலோடு விரலை நீட்டி
ஓர் இடத்தைக் காட்டினாள், பச்சை முட்டும் இடம்.
"இதில வலை போடேலாது. கல்லு."

அவள் போன பிறகு
மாசியை வெட்டிவிட்டுக் கச்சான் என்று எழுதினேன்.
கல்லை அப்படியே விட்டேன்.

ஆஸ்பத்திரித் துண்டு ஜன்னல் கம்பியில் செருகியிருக்கிறது:
இடது கண், பதினெட்டு, காலை ஆறரை, வெறும் வயிறு.
அதற்குப் பிறகு இந்தத் துணியைப் பார்க்க
என்னிடம் இருப்பவை இரண்டும் வலது கண்கள்.
இது கடலாய்த் தெரியுமா, பனங்களியாய்த் தெரியுமா,
பவுலீனிடம்தான் கேட்க வேண்டிவரும்.

ஒன்பதாவது துணிக்கு ஆணி அடிக்கிறேன்.
காவி முடியப் போகிறது.
மஞ்சள் இன்னும் ஐந்து நாளைக்கு இருக்கிறது.