கழுத்துக்குட்டை

சாரதா கல்லூரி ரோட்டில்
பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இரண்டாம் மாடி.
கீழே கடைவாய்ப் பல்லைக் குடையும் சத்தம்
தரை வழியாக நாற்காலிக்கு வரும்.
மேலே நாங்கள் இருபத்தாறு பேர்
எங்கோ ஒரு குளிர்தேசத்தில் எழுதப்பட்ட
சளி பிடித்த ஒட்டகச்சிவிங்கியை
ஓடவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

முகத்தை வேறு நாட்டில் செய்கிறார்கள்.
கால்கள் நிலோஃபருக்கு.
கழுத்தில் கட்டிய சிவப்புக் குட்டை
காற்றில் எப்படிப் படபடக்க வேண்டும்
என்பது மட்டும் என் பொறுப்பு.
ஏழு வருடம், நான்கு பாகம், ஒரே துணி.
முதல் பாகத்தில் அதில் ஒரு கிழிசல் இருந்தது,
தாய் போட்ட கோணல் தையலும்.
இரண்டில், பொம்மைக் கம்பெனி சொல்லி,
கிழிசலை அடைத்தோம்.
மூன்றில் பறந்தது.
நான்கில் பேசுகிறது.

"புதுசா ஒண்ணு செய்வோமே சார்"
என்று தீர்த்தகிரியிடம் ஒருமுறை கேட்டேன்.
கெட்டவர் இல்லை. ஊரடங்கு மாதங்களில்
மனைவியின் வளையலை அடகு வைத்து
எங்களுக்குச் சம்பளம் போட்டவர்.
"ரெஜினா, புதுசு ஓடுமான்னு எவனுக்கும் தெரியாது.
பழசு ஓடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.
உன் வீட்டு லோன் எந்தப் பக்கம்?"

பழசின் பக்கம்தான்.
ஜாகீர் அம்மாபாளையத்தில் என் சமையலறையும்
பாதி ஹாலும் ஒட்டகச்சிவிங்கி கட்டியவை.

என்னிடம் ஒரு கீரிப்பிள்ளை இருக்கிறது.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் பிறந்து
மேக்னசைட் தூள் படிந்து படிந்து
தன் நிறமே வெள்ளை என்று வளர்ந்தது.
ஐப்பசியில் ஓர் இரவு, பெருமழை.
விடிந்து வளைக்குத் திரும்பினால்
உள்ளேயே இருந்த வெள்ளைத் தாய்
பழுப்பாக வந்த யாரையோ பார்த்துப் பல்லைக் காட்டுகிறாள்.
அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.
மிச்சம் எனக்கே தெரியாது.
தெரியாதது பிடித்திருக்கிறது.

போன ஞாயிறு மகனோடு ஏற்காடு பஸ்.
வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை.
பதினொன்று, பன்னிரண்டு,
அதே ஹாரன், அதே திருப்பம், அதே குரங்கு.
ஆனால் ஒவ்வொன்றிலும் சேலம்
ஒரு விரற்கடை சின்னதாகிறது.
ஏறுகிறவனுக்கு எண் போடுவது குற்றமில்லை.
நாங்கள் ஒரே வளைவில் நின்றுகொண்டு
பலகையை மட்டும் மாற்றுகிறோம்.
இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
ஆரோன் பதினான்கில் வாந்தி எடுத்தான்.
வாயைத் துடைத்துவிட்டதும் கேட்டான்:
"பாகம் நாலு எப்பம்மா வரும்?"

மறுநாள், சந்தைக் காட்சி.
கழுத்துக்குட்டை காற்றில் விலகும் இடத்தில்
தக்காளிக் கூடைக்குப் பின்னால்
பன்னிரண்டு ஃபிரேம், அரை நொடி,
கீரிப்பிள்ளையை ஓடவிட்டேன்.
நிலோஃபர் பார்த்தாள். கால்களைச் சரிசெய்து கொடுத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வீடியோ அழைப்பு.
"யார் அந்த வெள்ளை அணில்?"
கீரி என்றேன்.
"அணிலே இருக்கட்டும். எங்களுக்குப் பிடித்திருக்கிறது.
தனிப்படம் செய்யலாம்.
நான்கு பாகத்துக்குக் கதை தேறுமா?"
மழையைப் பற்றிச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் திரையில் எல்லோரும் உறைந்திருந்தார்கள்,
நெட்வொர்க்கா யோசனையா தெரியவில்லை.
"மழை வேண்டாம். வெள்ளையாகவே இருக்கட்டும்.
முதலில் பாகம் இரண்டின் சுருக்கத்தை அனுப்புங்கள்,
முதல் பாகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

கேமராவுக்குத் தெரியாமல்
தீர்த்தகிரி மேசைக்கடியில் என்னைக் கும்பிடுகிறார்.
அவர் மனைவி கையில் இன்னும் கண்ணாடி வளையல்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இன்று புதன்.
கீழே பல் குடையும் சத்தம் நின்றுவிட்டது,
யாரோ வாய் கொப்பளிக்கிறார்கள்.
ஜன்னலில் சேர்வராயன் மலை பாதிதான் தெரிகிறது.
'பாகம் இரண்டு' என்று தலைப்பிட்டு
அதன் கீழே
'மழை' என்று ஒரு சொல் எழுதி
அனுப்பாமலும் அழிக்காமலும்
டீ குடிக்கப் போகிறேன்.