இருநூற்றெட்டு

தண்டர் பே. ஜனவரி. மாலை ஐந்தரை,
நடுச்சாமம் போல இருட்டு.
வேனின் கதவுப்பிடி கையுறையோடு ஒட்டிக்கொள்கிறது.
கடைப் பலகையில் ஒரு தென்னை,
நியான் ஓலைகளில் பாதி எரியவில்லை.

"பல்பெல்லாம் புதுசு" என்றாள் டார்லீன்.
"கட்டிலுக்கு முப்பத்தாறு. மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை.
படுத்து எழும்புகிறவர்கள்
வந்த நிறத்திலேயே திரும்பிப் போகிறார்கள்.
பள்ளி பஸ் ஓட்டுகிற ஐலா
காசைத் திருப்பிக் கேட்கிறாள்."

நான் பல்பைப் பார்க்கவில்லை.
பின்னறையில், துவாய் துவைக்கும் மெஷினை நகர்த்தி,
பேனலைத் திறந்து
மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன்.

இருநூற்று மூன்று.

பக்கத்துக் கடையில் பீட்சா அடுப்பு சூடேறும் நேரம்.
அது அடங்கினால் இருநூற்றெட்டு வரும்.
அதற்கு மேல் வராது, இந்தக் கட்டடத்துக்கு வருவதே அவ்வளவுதான்.
கட்டிலின் காலடியில், திருகாணி நான்கு போட்ட தகட்டில்,
இருநூற்று முப்பது என்று அடித்திருக்கிறது.

"ஒன்றும் பழுதில்லை" என்றேன்.
"உன் சூரியன் அரைவயிற்றோடு வேலைக்கு வருகிறது."

சாம்பல் நிறப் பெட்டி, இருபத்திரண்டு கிலோ.
முழங்காலில் தாங்கி, தோளால் அழுத்தி,
தனியாகத்தான் சுவரில் மாட்டினேன்.
அதன் வேலை பெரிதில்லை:
உள்ளே ஒரு சுருளில் இருபது வோல்ட் பிறப்பித்து
வருகிற அழுத்தத்தின் தோளில் ஏற்றிவிடுவது.

விரல் மரத்திருந்தது. முனைகளை மாற்றிக் கட்டிவிட்டேன்.
நூற்று எண்பத்து மூன்று என்றது மீட்டர்.
அதே பெட்டி. அதே செம்பு.
இரண்டு கம்பி இடம் மாறினால்
கூட்ட வந்தது கழித்துவிடும்.

வவுனியாவில் ஒரு ஸ்டூடியோக்காரர்
பேச்சுக்காலுக்கு அனுப்ப எடுத்த என் படத்தில்
இப்படித்தான், கேட்காமலே, கொஞ்சம் கழித்தார்.
கடிதத்தில் சின்னம்மா எழுதினா: மாநிறம்.
டொரொண்டோ விமான நிலையத்தில்
மாப்பிள்ளையின் தாய் என்னையும் படத்தையும்
மாறி மாறிப் பார்த்தது
வேறு கதை.

மெயினை இறக்கி, கழற்றி, சரியாகக் கட்டினேன்.
பீட்சாக்காரனும் அடங்கியிருந்தான்.
இருநூற்று இருபத்தொன்பது.
கட்டிலின் பழைய முனகல் நின்று
ஒரே சீரான ரீங்காரம்.
கதவிடுக்கால் வந்த நீலம்
என் பூட்ஸ் வரைக்கும் நீண்டது.

"இனி இருபது நிமிடம் வைக்காதே" என்றேன்.
"அது பசித்த விளக்குக்குப் போட்ட கணக்கு.
பத்தில் தொடங்கு. இது சுடும்."
மஞ்சள் துண்டுத்தாளில் எழுதி
டைமரின் மேல் ஒட்டினாள்.
எத்தனை நாள் ஒட்டியிருக்குமோ.

ஐலா வந்தாள், பத்து நிமிடம் படுத்தாள்,
கன்னத்தைத் தொட்டபடி வெளியே வந்தாள்:
"இன்றைக்குத்தான்
உள்ளே ஆள் இருக்கிற மாதிரி இருந்தது."

சந்தோஷத்தில் டார்லீன் என்னைப் பார்த்து,
"நீயும் ஒருதரம் படுத்துப் பார், இலவச—"
என்று பாதியில் விழுங்கினாள்.
எந்தக் கட்டிலும் இல்லாமலே
காது வரைக்கும் சிவந்தாள்.
முதலில் சிரித்தது நான்தான்.

அவளிடம் சொல்லவில்லை:
நவம்பரில் என் இரத்தத்தைப் படித்த டாக்டர்
வெயில் போதவில்லை என்றார்.
இந்தத் தோலுக்கு இந்த ஊர் வெளிச்சம் எட்டாதாம்.
பழுதா என்று கேட்டேன்.
இல்லை, என்றார். ஒரு குளிசை எழுதித் தந்தார்.

பில்லில் எழுதினேன்:
பழுது இல்லை. வரவு குறைவு. ஏற்றப்பட்டது.

வேனுக்குள் ஏறி
மேல்பையில் இருந்ததை எடுத்து
ஆறிப்போன கோப்பியோடு விழுங்கினேன்.
சாவியைத் திருகினேன்.
இரண்டு தரம் இருமி, மூன்றாவதில் பிடித்தது.
முன்விளக்கு ஒரு கணம் மங்கி,
பிறகு, மெல்ல,
பனிமேட்டில் ஏறியது.